மெய்ப்புத் திருத்துபவள் உரைத்த சான்று

ஆற்றின் இருகரையையும் தழுவிக் கிடந்த அந்நகரின்மேல் முற்பகற் கதிரொளி, உருக்கிய பொன்னை மெல்லச் சாய்த்து ஊற்றினாற்போல் பரவிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் மூட்டை இறக்குவோர் எழுப்பும் கூவலும், தச்சர் பட்டறைகளில் இழைப்புளி சீறும் ஓசையும், பள்ளிச் சிறார் ஒருகுரலாய் ஓதும் வாய்பாடும், கடைத்தெருவில் விலை பேசுவோரின் சலசலப்பும் பேரொலியாய்த் திரண்டு, மேட்டின்மேல் செங்கல்லால் எழுப்பப்பட்ட அறமன்றத்தின் படிக்கட்டு வரையில் ஏறிவந்து, அங்கே யாரோ வாயில் விரல்வைத்து அடக்கினாற்போல் ஓய்ந்தன. ஏனெனில் அப்படிகளிலும் தாழ்வாரங்களிலும் தோளோடு தோள் இடித்து நின்ற மக்கள் அனைவரும் உள்ளிருந்து வரப்போகும் ஒரு சொல்லுக்காகச் செவியைத் தீட்டிக்கொண்டிருந்தனர். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்பு அச்சொல் வந்தது. அச்சக உரிமையாளரைக் கொன்றவன் அவரிடம் முன்பு பணியாற்றிய அச்சுக்கோப்பவனே என்று நடுவர் அம்மையார் முடிவுரைத்தார். அவனுக்கு உரியது தூக்கா, வாழ்நாட் சிறையா என்பதைப் பத்தாம் நாள் இருபுறத்து உரையும் கேட்டபின் அறிவிப்பதாகச் சொல்லி எழுந்தார்.

சொற்சுவை அறிந்த அன்பரே, அந்தப் பத்து நாளில் விளைந்ததே இக்கதையின் உயிர். ஆயினும் அதற்கு முன் நிகழ்ந்ததைச் சுருங்கக் கேட்டருள்க.

கொலையுண்டவர் ஐம்பது அகவையை எட்டாதவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துவிட்டு, அதையே மேசைமேசையாய்த் தேடும் மறதிக்காரர். எனினும் ஈய எழுத்துகள் நிறைந்த அறைப்பெட்டியில் எந்த எழுத்து எங்கே கிடக்கிறதென்பதைக் கண்மூடிச் சொல்லவல்லவர். அவருடைய அச்சகம் பலகைத் தளமிட்ட பெருங்கூடம் ஒன்றும், மரத்தடுப்பால் பிரிக்கப்பட்ட சிற்றறை ஒன்றும் கொண்டது. கூடத்தில் அவருடைய இளவல் அச்சுப்பொறியை ஓட்டினான். சிற்றறையில் அவர் மனைவி மெய்ப்புத் திருத்தினாள். கால் எழுத்தொன்று கழன்றிருந்தாலும், புள்ளியொன்று மறைந்திருந்தாலும், நெல்லில் கிடக்கும் கல்லைப் பொறுக்குவதுபோல் பொறுக்கி எடுக்கும் அவள் கண்ணுக்குத் தப்பிய பிழை அந்நகரில் இல்லை என்பது நூல் எழுதுவோர் அனைவரும் ஒப்பிய உண்மை.

கார்காலத்து மாலை ஒன்றில், பணியாளர் அனைவரும் சென்றபின், கணவர் கூடத்திலும் மனைவி அறையிலுமாக எஞ்சிய வேலையை முடித்துக்கொண்டிருந்தனர். தகரக் கூரையின்மேல் மழை கொட்டு முழக்கிக்கொண்டிருந்தமையால், கூடத்தில் இரு ஆடவர் பேசுவது அவளுக்கு முணுமுணுப்பாய் மட்டுமே கேட்டது. பின்பு கனத்த பொருள் ஒன்று விழுந்தது. அதன்பின் ஒரு காலடி, ஓர் இழுப்பு, ஒரு காலடி, ஓர் இழுப்பு எனப் பலகைத் தளத்தின்மேல் எவரோ பின்வாயில் நோக்கி விரைந்தனர். அவள் ஓடிவந்து பார்த்தபோது, சிதறிய ஈய எழுத்துகளின் நடுவே, அச்சுச் சட்டத்தை இறுக்கும் இரும்புக்கோல் அருகே கிடக்க, அவள் கணவர் மூச்சடங்கிக் கிடந்தார்.

காலை இழுத்து நடப்பவன் யாரென்று காவலர் வினவினர். ஒரு கால் மூன்று விரற்கடை குறுகிப் பிறந்தவனும், ஒன்பது ஆண்டுகள் அங்கே எழுத்துக் கோத்தவனும், பன்னிரண்டு நாளுக்கு முன் முதலாளியோடு சொல் தடித்து, "உங்கள நான் பாத்துக்கறேன்" என்று தெருவே கேட்க உரைத்துவிட்டு வெளியேறியவனுமான அச்சுக்கோப்பவனின் பெயர் அவள் நாவில் தானே வந்து நின்றது. அம்மாலையில் எங்கிருந்தாய் என்ற கேள்விக்கு அவன் கொடுத்த விடையும் அவனுக்கே பகையாயிற்று. வேலை போன செய்தியை மனைவியிடம் சொல்ல நாணி, நாள்தோறும் வேலைக்குப் போவதுபோல் புறப்பட்டு, ஆற்றங்கரைப் படகொன்றின் மறைவில் தனியே அமர்ந்து மாலையில் வீடு திரும்பினேன் என்றான். கண்டவர் எவருமிலர். எட்டுத் திங்கள் கழித்து நிகழ்ந்த வழக்கில், ஓசையை மட்டும் கேட்டு ஆளை அறிய இயலுமோ என்று அவனுக்காக வழக்காடியவர் வினவியபோது, "ஒம்பது வருஷமாக் கேட்ட காலடி ஐயா. எனக்குத் தெரியாதா?" என்று அவள் விடையிறுத்த உறுதியில், அவர் மேலும் வினவத் துணியாது அமர்ந்தார்.

முடிவுரை வந்தபின் நகரமெங்கும் ஒரே பேச்சாயிற்று. தூக்கே தகும் என்றோர் பலர். ஆகாது என்றோர் சிலர். முடிதிருத்தும் கடைக்காரர் அச்சிலரில் ஒருவர். "தப்பா முடி வெட்டினா ஒரு மாசத்துல வளந்துடும். தலைய எடுத்துட்டு அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று மழிக்கும் கத்தியைக் கையிலேந்தி அவர் கேட்கும்போது, நாற்காலியில் கழுத்தை நீட்டியிருந்தவர் எவரும் மறுத்துரைத்ததில்லை, மழித்து முடித்துத் தெருவில் இறங்கியபின்பே தத்தம் கொள்கைக்குத் திரும்பினர்.

மெய்ப்புத் திருத்துபவளின் இல்லத்தில் அப்பேச்சு இத்தனை எளிதாய் இல்லை. கொழுந்தன் உணவையும் மறந்து அந்நாளை எண்ணிக்கொண்டிருந்தான். அண்ணன் கையைப் பிடித்து நடை பழகியவன் அவன். அண்ணன் கற்பித்த தொழிலால் வாழ்பவன்.

"அவன் தூக்குல தொங்கினாத்தான் எனக்குச் சோறு இறங்கும் அண்ணி. பத்தாம் நாள் உங்களையும் பேசச் சொல்லுவாங்க. உறுதியாச் சொல்லிடுங்க."

பதினாறு அகவை நிரம்பிய மகள் மட்டும் கிண்ணத்தைக் கழுவியபடியே, "அவரு செத்தா அப்பா வந்துடுவாரா சித்தப்பா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"உங்கப்பா வரமாட்டாரு. அதுக்காக அவன் வெயில் காஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

தாய் மகளின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கித் துடைத்தாள். ஆனால் அவள் நெஞ்சு கொழுந்தன் பக்கமே சாய்ந்திருந்தது. கயிறு இறுகும் நாளில் தன் நெஞ்சின் முடிச்சு அவிழும் என்று அவள் நம்பினாள்.

ஏழாம் நாள் நண்பகலில், எட்டுத் திங்களாய்த் தேங்கிய வேலைகளைத் தீர்க்கும் பொருட்டு அவள் மீண்டும் அச்சகத்துச் சிற்றறையில் அமர்ந்து மெய்ப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். பொறி ஓய்ந்திருந்தது. திடுமெனக் கூடத்துப் பலகைத் தளத்தின்மேல் ஒரு காலடி, ஓர் இழுப்பு, ஒரு காலடி, ஓர் இழுப்பு எழுந்தது. அவள் கையிலிருந்த எழுதுகோல் நழுவி வீழ்ந்தது. அதே ஓசை, அதே இடைவெளி, நெஞ்சின் ஆழத்தில் எட்டுத் திங்களாய் ஒலித்துக்கொண்டிருந்த அதே நடை. சிறையை உடைத்துத் தப்பி வந்துவிட்டானோ என்ற அச்சத்தோடு அவள் தடுப்பைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். வந்தவள் அவள் மகள். வழியில் செருப்பின் வார் அறுந்துபோக, அது காலைவிட்டு நழுவாதபடி தளத்தோடு தேய்த்து இழுத்து நடந்துவந்தாள்.

"என்னம்மா, பேயடிச்ச மாதிரி நிக்கிறே?"

"திரும்பி வாசல் வரைக்கும் நட."

"செருப்பு அறுந்து கிடக்கும்மா."

"அறுந்ததோடவே நட. நீ நட, சொல்றேன்."

மகள் நடந்தாள். தாய் கண்களை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணின் இருளில் எட்டுத் திங்களாய் அவள் கண்டுவந்த முகம், நீரில் கரையும் மைபோல் மெல்ல மெல்ல அழிந்தது. அச்சுக்கோப்பவன் குறுகிய காலுக்கென்று தடித்த அடித்தோல் தைத்த, கணுக்கால்வரை கயிறிட்டுக் கட்டும் காலணியை அணிபவன். அவன் நடந்தால் உலக்கை விழுந்தாற்போல் ஊன்றும் ஓசையே எழும், இழுப்பு எழாது. ஒன்பது ஆண்டுகள் அதைக் கேட்ட செவி அவளுடையது. அவ்வாறிருந்தும், காவலர் வினவிய அப்பொழுதில் கேட்ட இழுப்பையும் அவனுடைய குறைந்த காலையும் அவள் துயரம் பிணைத்துவிட்டது; பின்பு சொல்லுந்தோறும் சொல்லுந்தோறும் அப்பிணைப்பு இறுகி, கேளாததையும் கேட்டதாகவே அவளை நம்பச் செய்துவிட்டது.

அன்று மாலை அவள் கொழுந்தனிடம் அதனைச் சொன்னாள். அவன் முகம் சிவந்து, பின் வெளுத்தது.

"அத்தனை பேர் முன்னாடி சொன்னீங்களே அண்ணி. இப்ப மாத்திப் பேசினா ஊர் சிரிக்காதா? பொய்ச் சாட்சின்னு உங்களையே உள்ள வெச்சுட மாட்டாங்களா?"

"வெக்கட்டும் தம்பி. நான் உள்ள போனா ஒரு நாள் வெளிய வருவேன். அவரு தூக்குல போனா வருவாரா?"

அவன் எழுந்து சென்றுவிட்டான். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. அவளோ அம்மூன்று நாளும், குற்றவுணர்வு ஒருபுறம் கிள்ள, அச்சம் ஒருபுறம் இழுக்க, தான் சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதுவதும் அடிப்பதுமாய் இருந்தாள்.

பத்தாம் நாள் வந்தது. அறமன்றம் மூச்சுவிட இடமின்றி நிறைந்தது. அரசின் வழக்கறிஞர் முதலில் எழுந்து, தம் கூடத்தில் தம் தொழிலைச் செய்துகொண்டிருந்த ஒருவரை இரும்பால் அடித்து வீழ்த்தியவன் மீண்டும் கதிரொளி காண்பானாயின் உழைப்போர் எவருக்கும் இந்நகரில் காப்பில்லை என்றும், அஞ்சத்தக்க தண்டனை ஒன்று உண்டென்னும் நினைவே கொடியோர் கையைத் தடுக்கும் வேலி என்றும், இறந்தவரின் உயிருக்கு மதிப்பளிப்பதாயின் கொன்றவனின் உயிரையே ஈடாய்க் கேட்டல் வேண்டும் என்றும் ஆணித்தரமாய் உரைத்தார். எதிர்த்து எழுந்தவர், கொலையைத் தடுக்க வந்த அரசே கொலையைக் கையிலெடுப்பது முரண் என்றும், மாந்தர் கண்ணும் செவியும் பிழைக்கத்தக்கவை, பிழைக்கத்தக்கதன்மேல் பிழை நீக்கவியலாத தண்டனையைக் கட்டுதல் தகாது என்றும் உரைத்தார். இரு உரையும் செம்மையாகவே இருந்தன. இரண்டையும் கேட்டவர் தலைகள் மாறி மாறி அசைந்தன. கூண்டில் நின்றவன் மட்டும் எதையும் கேளாதவன்போல், தன் மனைவி அமர்ந்திருந்த கடைசி விசிப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பின்பு, உயிரிழந்தவர் குடும்பத்தின் சார்பில் ஏதேனும் சொல்வதுண்டோ என நடுவர் அம்மையார் வினவ, மெய்ப்புத் திருத்துபவள் எழுந்தாள். எழுதிவந்த தாளை அவள் விரிக்கவில்லை.

"அம்மா, பிழை பாக்கறதுதான் என் தொழில். அந்த நானே உங்க முன்னாடி ஒரு பிழையை வாசிச்சுட்டுப் போயிட்டேன். அன்னிக்கு நான் கேட்டது ஒரு காலை இழுத்துக்கிட்டுப் போற ஓசை. அவ்வளவுதான். அந்த முகத்தை நானே சேத்துக்கிட்டேன். அதோ நிக்கிறவரு காலை இழுக்க மாட்டாரு, ஊன்றி வைப்பாரு. வேணும்னா நடக்கச் சொல்லிப் பாருங்க."

கூட்டம் கலகலத்தது. அரசின் வழக்கறிஞர் எழுந்து, இரக்க மிகுதியால் இவ்வம்மையார் உள்ளம் நெகிழ்ந்துவிட்டது என்றார்.

"இரக்கம் இல்லீங்க ஐயா. மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும் இவரு சாகணும்னு வேண்டிக்கிட்டவ நான். செஞ்சது இவரு இல்லைன்னு தெரிஞ்சப்புறமும் பேசாம இருந்தா, அதுக்குப் பேர் என்னன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் அமர்ந்தார். நடுவர் அம்மையார் கூண்டில் நின்றவனைத் தளத்தில் இறங்கி நடக்குமாறு பணித்தார். அவன் அணிந்திருந்ததும் அதே தடித்த காலணியே. மன்றத்தின் மரத்தளத்தில் அவன் இவ்வெல்லையிலிருந்து அவ்வெல்லைவரை நடந்தான். ஊன்றும் ஓசை எழுந்தது; பின்னும் ஊன்றும் ஓசையே எழுந்தது. இழுப்பு ஒன்றுமில்லை. அந்நேரத்தில் அம்மன்றத்தில் இமைத்தவர் எவரும் இலர்.

நடுவர் வழக்குப் பொருள்களின் பட்டியலை வரவழைத்து வரிவரியாய்ப் படித்தார். பதினேழாம் பொருளாய், பின்வாயிற் படியருகே கிடைத்த பழைய தோல்துண்டு ஒன்று குறிக்கப்பட்டிருந்தது. பொறியைச் சுழற்றும் இழுவாரிலிருந்து உதிர்ந்ததாகக் கருதிக் காவலர் அதனை ஒதுக்கி வைத்திருந்தனர். அத்துண்டைப் பொறி ஓட்டுபவனிடம் காட்டுமாறு அவர் பணித்தார். அன்பரே, தூக்கையே உணவினும் மேலாய் வேண்டி நின்ற அக்கொழுந்தனின் கையில் அத்துண்டு வந்தபோது, அவன் 'ஆம், எங்கள் பொறியினது' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அனைத்தும் அங்கேயே முடிந்திருக்கும். அவன் அதனைப் புரட்டிப் பார்த்தான், ஒளியில் ஏந்திப் பார்த்தான், அண்ணியைப் பார்த்தான்.

"இது எங்க மிஷின் பெல்ட் இல்லீங்க. பெல்ட்டுல தையல் இருக்காது. இதுல ரெட்டைத் தையல் இருக்கு. இது செருப்பு வாரு." பின்பு அத்துண்டை மேசைமேல் வைத்து, "இத முன்னாடி யாரும் எங்கிட்டக் காட்டவே இல்லீங்க" என்றான்.

தீர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டது. காவலர் நகரத்துச் செருப்புத் தைப்போர் அனைவரிடமும் அத்துண்டோடு சென்றனர். நான்காம் நாள், சந்தை முனையில் தைப்பவர் ஒருவர் அதனைக் கண்டதும் தலையசைத்தார். "என் தையல்தான். போன மழைக்காலத்துல ஒரு கால் செருப்ப மட்டும் கொண்டாந்தாரு மருந்து விக்கிறவரு. அறுந்த துண்டு எங்கன்னு கேட்டேன், ஆத்தோட போச்சுன்னாரு" என்றார். அம்மருந்து விற்பவனின் இல்லத்தில் அச்செருப்பின் இணை கிடைத்தது. அதன் வாரிலும் அதே இரட்டைத் தையல். குழந்தைகளின் இருமலுக்கென்று அவன் விற்ற கலப்பட மருந்தை அருந்தி நோயுற்றோர் பட்டியலைத் துண்டறிக்கையாய் அச்சிட ஒருவர் கொடுத்திருந்தார் என்பதும், அதற்கெனக் கோத்த எழுத்துகளைக் கலைத்துவிடுமாறு மன்றாட வந்தவன், அச்சகத்தார் மறுக்கவே இரும்புக்கோலை ஓங்கிவிட்டான் என்பதும், அடித்துத் திரும்பும்போது அச்சுப்பொறியின் காலில் இடறி அறுந்த வாரின் துண்டு பின்வாயிற் படியருகே கழன்று விழுந்தது என்பதும் அவன் வாயாலேயே வெளிவந்தன.

அச்சுக்கோப்பவனை விடுவிக்கும் ஆணையை எழுதி ஒப்பமிட்ட பின், நடுவர் அம்மையார் தம் அறையில் தனித்து அமர்ந்து, பேழையிலிருந்து இரு தாள்களை எடுத்தார். பத்தாம் நாளுக்கென முன்பே எழுதி வைத்த இரு தீர்ப்புகள் அவை. ஒன்றில் சிறை, ஒன்றில் கயிறு. இரண்டையும் நான்காய்க் கிழித்தார். எழுத்தர் கொண்டுவந்த தண்ணீரை, நெடுந்தொலைவு நடந்தவர் குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எதைப் படிக்கறதுன்னு அன்னிக்குக் காலை வரைக்கும் நான் முடிவு செய்யல" என்று மட்டும் சொன்னார்.

மன்றத்துப் படியில் மெய்ப்புத் திருத்துபவள் அவனுக்காகக் காத்து நின்றாள். அவன் மனைவியின் தோளைப் பற்றி இறங்கிவந்தான். எட்டுத் திங்களில் பாதியாய் இளைத்திருந்தான். அவள் கைகுவித்தாள்.

"உங்க மேல கோவம் இல்லைன்னு சொன்னாப் பொய்யாயிடும் அம்மா" என்றான் அவன். "இருக்கு. எப்பப் போகும்னு தெரியல."

"கோவப்படுங்க. எத்தனை நாள் வேணும்னாலும் கோவப்படுங்க. அதுக்கு நீங்க இருக்கீங்கல்ல, அது போதும் எனக்கு."

அவன் உதட்டோரத்தில் புன்னகை என்று சொல்லவியலாத ஏதோ ஒன்று தோன்றி மறைந்தது. பின்னால் நின்ற கொழுந்தன் முன்வந்து, அவன் கைப்பையை வாங்கிக்கொண்டு தெருமுனை வரையில் சுமந்து சென்றான். அன்று நண்பகல் அச்சுக்கோப்பவன் தன் வீட்டில் இருமுறை சோறு கேட்டு உண்டான். உண்ட இடத்திலேயே படுத்தான். கதவைச் சாத்த எழுந்த மனைவியிடம், "தெறந்தே இருக்கட்டும்" என்றான். தெருவில் போவோர் வருவோர் எல்லோரும் எட்டிப் பார்க்கும்படி, திறந்த கதவருகே வெயில் காலில் படர, மாலைவரை அயர்ந்து உறங்கினான். அவள் அருகே அமர்ந்து, மூச்சு ஏறி இறங்குவதை எண்ணாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறு திங்கள் கழித்து மருந்து விற்பவனின் வழக்கு முடிவுக்கு வந்தது. மன்றத்துக்குப் புறப்படும்போது கொழுந்தன் வாயிலில் நின்று தயங்கினான்.

"இவன்தான்னு இப்ப நிச்சயமாத் தெரியும் அண்ணி. இவனுக்குத் தூக்கு கேக்கலாம்ல?"

"கேக்கலாம் தம்பி. கேட்டாத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா போன தடவயும் இதே மாதிரி நிச்சயமாத்தான இருந்தோம்? அந்தக் கயித்த மறுபடியும் கையில எடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவன் குனிந்து தன் செருப்பின் வாரை இறுக்கினான். "எனக்கும் இல்ல அண்ணி" என்றான். சொன்னதும், நெடுநாள் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன்போல் தோள் தளர்ந்து மூச்சுவிட்டான். மன்றத்தில் அவள் அதனையே உரைத்தாள். மருந்து விற்பவனுக்கு வாழ்நாட் சிறை விதிக்கப்பட்டது. கூடியிருந்தோருள் சிலர் போதாது என்றனர். பலர், தாம் எதிர்பாராதபடி தம் நெஞ்சு இலேசாவதை உணர்ந்து, வீடு நோக்கிக் கலைந்தனர்.

அன்பரே, சினத்துக்குச் செவி கூர்மையன்று. துயரத்துக்கோ கண் தெளிவன்று. இரண்டையும் கொண்டே மாந்தர் அறம் வழங்க வேண்டியிருக்கிறது. ஆதலின், பிழைத்தேன் என்று சொல்லித் திரும்ப ஒரு வழியைத் திறந்து வைப்பதே அவ்வறத்தின் மேன்மை. மாலை வெயில் சாய்ந்த தெருவில் தாயும் மகளும் கொழுந்தனும் ஒருங்கே வீடு திரும்பினர். இறந்தவர் திரும்பவில்லை, அவர் அமர்ந்த இருக்கை வெறுமையாகவே இருந்தது, அவரை நினைக்குந்தோறும் அவர்கள் கண் நனைவதும் ஓயவில்லை. ஆயினும் அவர் பெயரைச் சொல்லி இன்னோர் உயிர் பறிக்கப்படவில்லை. அவ்வொன்றை எண்ணியே அவர்கள் அன்றிரவு அமைதியாய் உண்டார்கள், அமைதியாய் உறங்கினார்கள்.